ராணுவத்துல லாரி ஓட்டியாச்சு... டேங்கர் வேலைக்கு அடுத்து என்ன? லைசென்ஸ் முதல் சம்பளப் பேச்சு வரை!

கருவடிக்குப்பம் சிவாஜி சிலை பக்கம், ஈ.சி.ஆர். ஓரமா கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. தண்ணீர் டேங்கர், பால் டேங்கர், பங்க்குக்கு பெட்ரோல் கொண்டு போகும் டேங்கர் என்று வரிசையாகப் போகும். பார்க்கிற நமக்கு எல்லாமே 'டேங்கர் லாரி'தான். ஆனால் அந்த டிரைவர் சீட்டில் உட்காரத் தேவையான காகிதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆபத்தும் வேறு, சம்பளமும் வேறு.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், ராணுவத்தில் கனரக வாகனம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பும் பலருக்கு முதலில் தோன்றும் வேலைகளில் ஒன்று இது. 'மலை மேல பனியில ஸ்டாலியன் ஓட்டினவனுக்கு திண்டிவனம் ரோட்ல டேங்கர் ஓட்டத் தெரியாதா?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டத் தெரிவது மட்டும் போதாது. ராணுவ அனுபவம், சிவில் சாலையில் தானாகச் செல்லுபடியாகாது. அதைச் செல்லுபடியாக்க சில காகிதங்கள் வேண்டும். அவற்றை எப்போது, எந்த வரிசையில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான், நீங்கள் நல்ல சம்பளத்தில் டேங்கர் ஓட்டுவதும், ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக உட்காருவதும்.

ராணுவத்தில் இருக்கும் அண்ணனுக்காகவோ அப்பாவுக்காகவோ சித்தப்பாவுக்காகவோ வேலை தேடிக்கொடுக்கும் தம்பி, தங்கைகளே... இது உங்களுக்கும்தான். ஆன்லைன் விண்ணப்பம் போடப்போவது பெரும்பாலும் நீங்கள்தானே!

'சொல்தா' காலம் வேறு, இப்போ வேறு!

புதுச்சேரிக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு பழசு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். சிப்பாய் என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும், வாழ்நாள் முழுக்க கவலை இல்லை என்பதுதான் சொல்தா வீடுகளைப் பற்றி ஊருக்குள் இருந்த பிம்பம். கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் அந்த வரலாற்றின் அடையாளம்.

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவரின் கணக்கு வேறு. குறைந்தது 15 ஆண்டு சேவை முடித்தால் பென்ஷன் உண்டு. ஆனால் வெளியே வரும்போது வயது பெரும்பாலும் 35 முதல் 40-க்குள்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளியில் படிப்பார்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. அதனால் இரண்டாவது வேலை என்பது பொழுதுபோக்கு இல்லை, தேவை.

இனிமேல் இதில் இன்னொரு கூட்டமும் சேரப்போகிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 4 ஆண்டுதான் சேவை. அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர் நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் 'சேவா நிதி'யுடன் வெளியே வருவார்கள். பென்ஷன் கிடையாது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் 4 ஆண்டு முடிகிறது. வாகனப் பிரிவில் இருந்தவர்களுக்கு டிரைவிங் வேலை இயல்பான அடுத்த படி. போட்டியும் கூடும்.

முதலில், எந்த டேங்கர்?

வேலை தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள்.

• தண்ணீர் டேங்கர்: கனரக போக்குவரத்து வாகன லைசென்ஸ் போதும். உள்ளூர் ஓட்டம், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ராணுவத்திலிருந்து வந்ததும் நகரப் போக்குவரத்தைப் பழகிக்கொள்ள நல்ல ஆரம்பம். ஆனால் ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்ற கணக்கில் அவசரம் அதிகம்.

• பால், சமையல் எண்ணெய் டேங்கர்: இதற்கும் ஆபத்தான பொருள் சான்று தேவையில்லை. நேரம் முக்கியம். பால் தாமதமானால் லோடே வீண்.

• பெட்ரோல், டீசல் டேங்கர்: சட்டப்படி ஆபத்தான பொருள். தனிப் பயிற்சி, லைசென்ஸில் தனிப் பதிவு கட்டாயம். சேமிப்பு முனையத்தில் லோடு ஏற்றி, பங்க்கில் இறக்கி, திரும்புவதுதான் வேலை. நம் பக்கம் உளுந்தூர்பேட்டை அருகே ஆசனூரிலும், சென்னையில் எண்ணூர், தண்டையார்பேட்டை பகுதிகளிலும் எண்ணெய் முனையங்கள் இருக்கின்றன.

• எல்.பி.ஜி. புல்லட் டேங்கர்: துறைமுகம், சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்கு கேஸ் கொண்டு போவது. பல மாநிலங்கள் தாண்டும் நீண்ட ஓட்டம். தென்னிந்தியாவில் இந்தத் தொழிலின் தலைநகரம் நாமக்கல்.

• கெமிக்கல் டேங்கர்: ஆசிட், காஸ்டிக் சோடா, குளோரின் போன்றவை. கடலூர் சிப்காட், காலாப்பட்டு பக்கத் தொழிற்சாலைகளுக்கு இந்த ஓட்டம் உண்டு. பொருளைப் பற்றிய அறிவு இதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வேண்டும்.

• கழிவுநீர் லாரி: வேலை எளிதில் கிடைக்கும். ஒரே ஒரு விதியை மறக்கவே கூடாது. அடைப்பு எடுக்கத் தொட்டிக்குள்ளே இறங்கச் சொன்னால், யார் சொன்னாலும் இறங்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் அப்படி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

ராணுவ லைசென்ஸை வைத்துக்கொண்டு ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 18-வது பிரிவின்படி கொடுக்கப்படுவதுதான் ராணுவ டிரைவிங் லைசென்ஸ். நாட்டின் பாதுகாப்புப் பணிக்காக மத்திய அரசிடம் இருக்கும் வாகனங்களை ஓட்ட மட்டும்தான் அது செல்லும். அதே பிரிவு, 'வேறு எந்த வாகனத்தையும் ஓட்ட இது உரிமை தராது' என்றும் தெளிவாகச் சொல்கிறது. அந்த லைசென்ஸோடு தனியார் டேங்கரை ஓட்டி விபத்து நடந்தால், 'உரிய லைசென்ஸ் இல்லை' என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. 18-வது பிரிவு லைசென்ஸ் வைத்திருப்பவர், அதே வகை வாகனத்துக்கு சிவில் லைசென்ஸ் கேட்டால், ஓட்டுநர் தேர்வு தேவையில்லை என்று 9-வது பிரிவு சலுகை தருகிறது. எல்.எல்.ஆரில் ஆரம்பித்து, ஓராண்டு காத்திருந்து, 'எட்டு' போட்டுக்காட்டி என்று மறுபடி முதலிலிருந்து வரவேண்டியதில்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும்?

1. பணியில் இருக்கும்போதே யூனிட்டில் சொல்லி, ராணுவ லைசென்ஸின் உண்மைத்தன்மைக்கான கடிதம் வாங்குங்கள். ஊருக்கு வந்தபிறகு, வடக்கே எங்கோ இருக்கும் யூனிட்டுக்கு தபால் எழுதி பதிலுக்குக் காத்திருப்பதில்தான் மாதங்கள் போகும்.

2. 'பரிவாகன் சாரதி' இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, உங்கள் முகவரிக்கு உரிய போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் ஆவணங்களைக் காட்டுங்கள். புதுச்சேரியில் பி.ஒய். 01, உழவர்கரைக்கு பி.ஒய். 05. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. மருத்துவச் சான்று, படிவம் 1ஏ. கண் பார்வை, நிறம் பிரித்தறிவது, காது கேட்பது எல்லாம் இதில் வரும். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பக்கத்தில் பல வருடம் இருந்தவர்கள் காதை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

4. போக்குவரத்து வாகனம் ஓட்ட குறைந்தபட்ச வயது 20. லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும்.

மூன்று நாள் பயிற்சி... இதுதான் சாவி!

பெட்ரோல், டீசல், கேஸ், கெமிக்கல் டேங்கர் என்றால் மேலே சொன்ன லைசென்ஸ் மட்டும் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 9-வது விதி, ஆபத்தான பொருள் ஏற்றும் வாகன ஓட்டுநருக்குத் தனித் தகுதி சொல்கிறது. ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மாநில அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் 3 நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் காட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் உங்கள் லைசென்ஸில் பதிவு செய்துகொடுக்கும். டேங்கர் ஓனர்கள் பேச்சில் இதுதான் 'ஹசார்டஸ் எண்டார்ஸ்மென்ட்'. 'ஹசார்டஸ் இருக்கா?' என்பதுதான் வேலை கேட்டுப் போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

முன்பு இந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு. காலாவதித் தேதியை மொபைலில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள். ஒருநாள் தாண்டினாலும் முனையத்தின் வாசலைத் தாண்ட முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'வரவே வேணாம், சர்ட்டிஃபிகேட் வீட்டுக்கு வந்துடும்' என்று சொல்லும் புரோக்கர்கள் இருப்பார்கள். கட்டணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் சான்றிதழை உங்கள் ஆர்.டி.ஓ. ஏற்குமா என்று நேரில் கேளுங்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்ற பெரிய இடங்களிலும் என்னென்ன வகுப்புகள் நடக்கின்றன என்று விசாரிக்கலாம். அந்த 3 நாளில் சொல்லித்தருவது தேர்வுக்கான பாடம் இல்லை. தீப்பிடிக்கும் முன் இருக்கும் அரை நிமிடத்தில் என்ன செய்வது என்ற பாடம்.

பின்னால் இருக்கும் நம்பர் என்ன சொல்லுது?

அடுத்த முறை டேங்கருக்குப் பின்னால் போகும்போது கவனியுங்கள். ஒரு பலகையில் 4 இலக்க எண் இருக்கும். அது ஐக்கிய நாடுகள் சபை முறைப்படி பொருளுக்குத் தரப்பட்ட எண். உலகம் முழுக்க ஒன்றுதான்.

• 1203: பெட்ரோல்
• 1202: டீசல்
• 1075: எல்.பி.ஜி.
• 1017: குளோரின்
• 1830: கந்தக அமிலம்
• 1824: காஸ்டிக் சோடா கரைசல்

அதே பலகையில் அவசரத் தொலைபேசி எண்ணும், எதை வைத்து அணைக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லும் குறியீடும் இருக்கும். கேபினுக்குள் 'டிரெம் கார்டு' என்ற அவசரக் குறிப்பட்டை இருக்க வேண்டும். விபத்து நடந்தால் பொதுமக்களும் 112-க்கு போன் செய்து இந்த 4 இலக்க எண்ணைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. டிரைவருக்கோ, இதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளாவின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் எல்.பி.ஜி. டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு வந்த டேங்கர், லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே பல மணி நேரம் போராடி மீட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. எல்.பி.ஜி. திரவம் கசிந்து வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வரும். எங்கேயோ எரியும் ஒரு அடுப்பு போதும்.

ராணுவப் பழக்கத்தில் எது கைகொடுக்கும்?

வண்டி எடுக்கும் முன் 'ஃபர்ஸ்ட் பரேட்', வழியில் நிறுத்தும்போது 'ஹால்ட் பரேட்', திரும்பியதும் 'லாஸ்ட் பரேட்' என்று டயர், ஆயில், பிரேக், லைட் எல்லாம் பார்ப்பது ராணுவ வாகனப் பிரிவில் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதை விட்டுவிடாதீர்கள். டேங்கர் ஓனருக்கு இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் கிடையாது. லாரியையும் டேங்கையும் இணைக்கும் தட்டு, கிங் பின், வால்வு, எர்த் ஒயர் ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ஏ.எஸ்.சி. பிரிவில் எரிபொருள் கையாண்டவராக இருந்தால் உங்களுக்கு பாதி வேலை ஏற்கெனவே தெரியும். சர்வீஸ் ரெக்கார்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதுசா கத்துக்க வேண்டியது எது?

• திரவத்தின் ஆட்டம்: டேங்க் பாதி நிறைந்திருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் திரவம் அலையாக முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் ஆடிக் கவிழ்க்கும். பெட்ரோல் டேங்கரில் அறை அறையாகத் தடுப்பு இருக்கும். சாதாரணத் தண்ணீர் டேங்கரில் பல சமயம் அதுவும் இருக்காது. தண்ணீர்தானே என்று நினைத்து ரவுண்டானாவில் திருப்பாதீர்கள்.

• கான்வாய் இல்லை: முன்னும் பின்னும் நம்ம வண்டி, மிலிட்டரி போலீஸ் வழிவிடுவது எல்லாம் இங்கே கிடையாது. ஸ்கூட்டியும் ஷேர் ஆட்டோவும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

• லோடு கணக்கு: டிப் ராட் வைத்து அளவு பார்ப்பது, சீல் சரிபார்ப்பது, பங்க்கில் எர்த் கிளிப் மாட்டிவிட்டு இறக்குவது, டெலிவரி சலானில் கையெழுத்து வாங்குவது. எண்ணெய் நிறுவன லாரிகளில் ஜி.பி.எஸ். கண்காணிப்பும் மின்னணுப் பூட்டும் இருக்கும். வழி மாறினாலோ, தேவையில்லாமல் நின்றாலோ கேள்வி வரும்.

வேலை எங்கே தேடுவது?

ஒரு தவறான எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்தியன் ஆயில் என்று பெரிதாக எழுதிய டேங்கரை ஓட்டுபவர் பெரும்பாலும் இந்தியன் ஆயில் ஊழியர் இல்லை. லாரி ஒரு தனியார் ஓனருடையது. அவர் எண்ணெய் நிறுவனத்திடம் டெண்டரில் ஒப்பந்தம் எடுத்திருப்பார், அல்லது பங்க் டீலரே சொந்த லாரி வைத்திருப்பார். சம்பளம், லீவு, இன்சூரன்ஸ் எல்லாம் அந்த ஓனருடன்தான். எனவே, 'ஐ.ஓ.சி.யில டிரைவர் வேலை, 50 ஆயிரம் கட்டினா போதும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. யோசிக்காமல் பிளாக் பண்ணுங்க.

சரியான வழிகள் இவை:

• புதுச்சேரி முப்படை நலத்துறை: வெளியே வந்ததும் இங்கே பெயர் பதிவு செய்யுங்கள். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, வேலைவாய்ப்புப் பரிந்துரை இரண்டுக்கும் இதுதான் வாசல். விழுப்புரம், கடலூர் பக்கத்து ஆட்கள் அந்தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 1986-ல் தொடங்கப்பட்ட 'டெக்ஸ்கோ' கழகமும் முன்னாள் படைவீரர்களை வேலைக்கு அமர்த்துகிறது.

• மறுவாழ்வு இயக்குநரகம்: டி.ஜி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓய்வுக்கு முந்தைய காலத்திலேயே பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. கடைசி வருஷ லீவைக் கணக்குப் பார்க்கும்போதே இந்த வகுப்புகளையும் பார்த்துவிடுங்கள்.

• அரசு டிரைவர் வேலைகள்: மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவிகித ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களில் இது 14.5 சதவிகிதம். வயதிலிருந்து ராணுவ சேவைக் காலத்தைக் கழித்து, மேலும் 3 ஆண்டு தளர்வும் உண்டு. 'எனக்கு 40 ஆயிடுச்சே' என்று விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

• நேரடி விசாரிப்பு: முனையங்களுக்கு வெளியே இருக்கும் லாரி ஓனர் சங்க அலுவலகங்கள், உள்ளூர் பங்க் டீலர்கள். பழைய யூனிட் தோழர்களின் வாட்ஸ்அப் குரூப்பையும் மறக்காதீங்க. டேங்கர் தொழிலில் ஆள் எடுப்பது பெரும்பாலும் வாய்வழிதான்.

தனியார் வேலையில் சேர்ந்தால் பென்ஷன் குறையுமா? குறையாது. அது நீங்கள் செய்த சேவைக்கான பணம். இந்தப் பயத்தில் சம்பளத்தைக் கையில் ரொக்கமாக, கணக்கில்லாமல் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. அதில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சம்பளம் பேசும்போது கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ராணுவத்தில் சம்பளம் பேசிப் பழக்கம் இல்லை. அக்கவுன்ட்டில் வந்துவிடும். இங்கே பேசித்தான் ஆகணும். 'பென்ஷன் வருதே சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று குறைத்துப் பேசும் ஓனர்கள் இருப்பார்கள். பென்ஷனுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, இதைக் கேளுங்கள்:

1. மாதச் சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு? டிரிப் இல்லாத நாளில் என்ன கிடைக்கும்?
2. லோடு ஏற்ற முனையத்தில் ஒருநாள் காத்திருந்தால் அந்த நாளுக்குக் காசு உண்டா?
3. இரண்டாவது டிரைவர் அல்லது கிளீனர் உண்டா?
4. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? சின்ன ஓனர் என்பதால் இல்லை என்றால், வண்டியின் இன்சூரன்ஸில் டிரைவருக்கான பொறுப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா? நகலை போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?
5. எஃப்.சி., பெர்மிட், டேங்கின் வெடிபொருள் துறை உரிமம் எல்லாம் நடப்பில் இருக்கிறதா?
6. போலீஸ், டோல், பஞ்சர் செலவு யாருடையது?
7. அளவு குறைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பீர்கள்? பெட்ரோல் வெயிலில் கொஞ்சம் ஆவியாகும். அதற்கும் மேலே உள்ள குறைவுக்கு என்ன கணக்கு என்று முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி சாதாரணமானது இல்லை. 2025 மார்ச் கடைசியில் தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது சர்ச்சையான ஒப்பந்த நிபந்தனைகளில் ஒன்று, மாற்று ஓட்டுநர் இல்லாவிட்டால் அபராதம் என்பது. ஓனருக்கு அது செலவு. டிரைவருக்கோ அது தூக்கம். போக்குவரத்துத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் எழுதிவிட்டது. அது சாலையில் எத்தனை தூரம் நடக்கிறது என்பது டிரைவரின் கண்ணைப் பார்த்தாலே தெரியும். தனி ஆளாக ராத்திரியும் பகலும் கேஸ் டேங்கர் ஓட்டச் சொல்லும் இடத்தில் சம்பளம் கூட இருந்தாலும் வேண்டாம்.

கேபின் சூடு இன்னொரு விஷயம். இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். 'வண்டி எந்த வருஷம்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

இந்த மூன்றுக்கும் 'முடியாது' சொல்லுங்க!

• 'வழியில ரெண்டு கேன் இறக்கிட்டு போ': எண்ணெய் திருட்டு, கலப்படம் பிடிபட்டால் லாரி கறுப்புப் பட்டியலில் போகும். டிரைவருக்கும் அந்தத் தொழிலே முடிந்தது. திறந்த சாலையோரத்தில் பெட்ரோல் இறக்குவது உயிருக்கே உலை.

• 'ஹசார்டஸ் அப்புறம் எடுத்துக்கலாம், இன்னிக்கு ஒரு டிரிப் போ': விபத்து நடந்தால் இந்த ஒரு டிரிப்தான் உங்களைக் கோர்ட்டில் நிறுத்தும்.

• 'ஆக்சிடென்ட் ஆனா ஓடிடு': காயமானவருக்கு உதவி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. ஆபத்தான பொருள் வண்டி என்றால் உடனே சொல்ல வேண்டும். விபத்து செய்துவிட்டுத் தப்பினால் 10 ஆண்டு சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிகள் நின்றது ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா அமலானபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்காகத் தப்பி ஓடலாம் என்று அர்த்தமில்லை. கூட்டம் அடிக்க வந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள். தலைமறைவாகாதீர்கள்.

'சொந்தமா ஒரு டேங்கர் வாங்கிட்டா?'

வெளியே வரும்போது கையில் கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் பணம் என்று மொத்தமாக வரும். அக்னிவீரருக்கு சேவா நிதி. 'வண்டி வாங்குங்க, மாசம் இவ்ளோ நிக்கும்' என்று கணக்குப் போட்டுக் காட்ட ஆள் வருவார்கள்.

திறந்த லாரி என்றால் ஒரு லோடு இல்லாவிட்டால் இன்னொரு லோடு ஏற்றலாம். நெல், சிமென்ட், செங்கல் எது வேண்டுமானாலும். பெட்ரோல் டேங்கரில் பெட்ரோலியப் பொருள்தான். கேஸ் புல்லட்டில் கேஸ் மட்டும்தான். எண்ணெய் நிறுவன ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்றால் வண்டி ஷெட்டில் நிற்கும். இ.எம்.ஐ. நிற்காது. குறைந்தது ஒரு வருடம் இன்னொருவர் வண்டியை ஓட்டி, டெண்டர் எப்போது வருகிறது, பணம் எத்தனை நாளில் பாஸ் ஆகிறது, டயர் எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஒரு வருடச் சம்பளம் உங்களுக்குக் கிடைக்கும் இலவசப் பயிற்சி.

காலண்டர் போட்டுக்கோங்க

• ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்: சர்வீஸ் ரெக்கார்டில் வாகன வகை, எரிபொருள் அனுபவம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டி.ஜி.ஆர். பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்.

• 6 மாதம் முன்: ராணுவ லைசென்ஸுக்கான கடிதம் வாங்குங்கள். ஆதார், லைசென்ஸ், டிஸ்சார்ஜ் புக் எல்லாவற்றிலும் பெயர், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா? இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றால் இப்போதே திருத்துங்கள்.

• வந்த முதல் மாதம்: முப்படை நலத்துறையில் பதிவு, சிவில் லைசென்ஸ் விண்ணப்பம், மருத்துவச் சான்று.

• லைசென்ஸ் வந்ததும்: 3 நாள் பயிற்சி, ஹசார்டஸ் பதிவு. இடைப்பட்ட நாளில் தண்ணீர் அல்லது பால் டேங்கரில் கை பழகலாம்.

• அதற்குப் பிறகுதான்: பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓனர்களிடம் சம்பளப் பேச்சு.

வரிசை மாறி, முதலில் வேலை, அப்புறம் காகிதம் என்று போனால் பேரம் பேசும் பலம் ஓனர் பக்கம் போய்விடும். எல்லாக் காகிதமும் கையில் இருக்கும் முன்னாள் ராணுவ டிரைவர் என்றால், தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். குடிக்காமல், சொன்ன நேரத்துக்கு வந்து, வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுக்கும் டிரைவருக்காக டேங்கர் ஓனர்கள் எப்போதும் காத்திருக்கிறார்கள். 15 வருடம் நாட்டுக்காக ஓட்டிய அந்தக் கைக்கு உரிய விலையைக் கேட்டு வாங்குங்கள்.